விரல்கள் தெரியாத வியாபாரம்

எங்கள் கடையில் என் வாய்க்கு வேலை இருந்ததே இல்லை. தி. நகரில் பட்டுப்புடவைக் கடை. மூன்றாவது மாடியில் வெள்ளை மெத்தை விரித்த மேடை இருக்கும். அதில் இரண்டிரண்டு பேராக உட்கார்வோம். ஒருவர் பேசுவார், இன்னொருவர் புடவையை எடுத்து விரிப்பார். நான் விரிக்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அங்கே இங்கே சில வேலைகள் பார்த்துவிட்டு, இந்த மெத்தையில் வந்து உட்கார்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

என் ஜோடியாக உட்கார்ந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். மணப்பெண்ணின் அம்மாவிடம் ஒரு மாதிரி, அத்தையிடம் ஒரு மாதிரி, பணம் கொடுக்க வந்து ஓரமாக நிற்கும் அப்பாவிடம் வேறு மாதிரி பேசுவார். யாராவது என்னைக் காட்டி, இவர் ஏன் ஒன்றுமே பேசுவதில்லை என்று கேட்டால், "அவர் வாயைத் திறந்தா விலை ஏறிடும்மா, அதான் நாங்க பேச விடறதில்ல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் குனிந்தபடி சிரிப்பேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய முதலாளி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வருகிற பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, கண் புடவையில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது கட்டுப்பாடு. முகம் பார்த்துப் பேசினால் காது சூடாகிற எனக்கு அது அனுமதி மாதிரி இருந்தது. நான் புடவையைப் பார்த்தேன். புடவைமேல் வந்து விழுகிற கைகளைப் பார்த்தேன்.

கை பொய் சொல்லாது என்பதைச் சில மாதங்களிலேயே கண்டுகொண்டேன். உள்ளங்கையால் தட்டிப் பார்க்கிறவர்கள் வாங்க மாட்டார்கள், பொழுது போக வந்தவர்கள். முந்தானையைப் புரட்டி அடிப்பக்கத்து நூலைப் பார்ப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள், ஆனால் அன்றைக்கு வாங்க மாட்டார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கரையைப் பிடித்து லேசாகத் தேய்த்தால் மனதில் ஏதோ விழுந்திருக்கிறது. நாலு புடவை தாண்டிப் போன பிறகும் அந்த விரல்கள் அதே கரைக்குத் திரும்பி வந்தால் அதுதான் புடவை. வாய் என்ன குறை சொன்னாலும் சரி.

அப்படி விரல் திரும்பி வந்ததும் அந்தப் புடவையை மடித்து என் இடது பக்கம் வைப்பேன். மற்றதெல்லாம் வலது பக்கம். இடது பக்கம் ஒன்று வந்துவிட்டால் என் ஜோடிக்காரர் புதிதாக எதையும் எடுக்கச் சொல்ல மாட்டார். அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குள் வேறு சைகை கிடையாது. வந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த ஏற்பாடு சாகும்வரை இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஜோடிக்காரர் ஓசூரில் இருக்கும் தன் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்ன அன்றுதான் அப்படி நினைத்திருந்தது எனக்கே தெரிந்தது.

அதற்கு முன்பே கூட்டம் குறைந்திருந்தது. மெட்ரோவுக்காகத் தோண்டியதில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்து வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். சிலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் வீட்டுப் பெண்கள் புடவையைப் போனில் பார்த்து வாங்கப் பழகிவிட்டார்கள். பெரிய முதலாளியின் மகன், சின்ன முதலாளி, இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் தரைத்தளத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை கட்டி, வட்ட விளக்கும் போன் நிறுத்தும் ஸ்டாண்டும் வாங்கி வைத்தார். வாடிக்கையாளர் வீடியோ காலில் வருவார், நாம் விரித்துக் காட்ட வேண்டும். காட்டுகிறவரேதான் பேசவும் வேண்டும். ஜோடி கிடையாது.

ஒரு காலையில் மூன்றாவது மாடிக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். இனிமேல் மாடியில் பாதி இடம்தான். வீடியோவில் காட்டப் பழகுகிறவர்கள் கடையில் இருக்கலாம். முடியாதவர்களுக்குப் பூந்தமல்லி தாண்டி இருக்கிற குடோனில் வேலை. பிறகு என்னைத் தனியாக நிறுத்தி, "பதினஞ்சு நாள் பாருங்கண்ணே. வரலேன்னா ஒண்ணும் தப்பில்ல, குடோன் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. மிகவும் தன்மையாகச் சொன்னார்.

குடோன் என்றால் மூட்டை. எனக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம், பாரம் தூக்கவே கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். முந்தின வருடம் எங்கள் மாடியிலிருந்து அங்கே போனவர் ஒருவரைப் பனகல் பார்க் பக்கத்தில் பார்த்தேன். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். கிளம்பும்போது வெளியே எடுத்துக் காட்டினார். உள்ளங்கை முழுவதும் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது. "இனி புடவை தொட முடியாதுப்பா. தொட்டா நூல் இழுக்குது" என்றார். எங்கள் தொழிலில் கையைத்தான் முதலில் காப்பாற்றுவோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலே நின்று வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

என் முதல் வீடியோ கால் நாலாவது நாள் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம். மேஜைமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவும் கல்யாணப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பருத்திப் பிரிவில் இருந்து அந்த அறைக்கு மாறி வந்திருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். போனின் உச்சியில் இருக்கும் கறுப்புப் புள்ளியைப் பார்த்துப் பேச வேண்டும், அதுதான் அவர்கள் கண். எனக்கு அந்தப் புள்ளியைப் பார்த்ததுமே நாக்கு ஒட்டிக்கொண்டது. வணக்கம் சொன்னேன். நிறத்தைச் சொன்னேன். பிறகு பேச்சு வரவில்லை. பேசாமல் விரித்தேன்.

ஐந்தாவது புடவையில் அந்த அம்மாவின் கை முன்னால் வந்தது. திரையில் பெரிதாகத் தெரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வந்து கரை இருக்கும் இடத்தைத் தொட்டன. விலகின. மறுபடி வந்து தொட்டன. எனக்கு உயிர் வந்தது. இருபத்தாறு வருடமாகப் பார்த்த கை. புடவையை மடித்தேன், இடது பக்கம் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்றால், பக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பிக்க. பக்கத்தில் யாரும் இல்லை.

அந்தப் பக்கம், "படம் நின்னுடுச்சும்மா" என்று மணப்பெண் சொன்னாள். நான் அசையாமல் இருந்ததில் அவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. ஹலோ, ஹலோ என்றார்கள். அது என்னைத்தான் என்று நான் உணர்ந்து நிமிர்வதற்குள் கால் போய்விட்டது. அந்த அம்மா விரலால் தொட்டது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க என்று பருத்திப் பிரிவுப் பெண் பிறகு விளக்கினாள். நெசவில் ஏதோ முடிச்சு தெரிகிறதா என்று பார்த்திருப்பார்களாம்.

சாயங்காலம் சின்ன முதலாளி வந்தார். நெட் சரியில்லாததால் இன்னொரு கடையில் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள். அதை என்னிடம் காட்டிவிட்டு, "நெட் நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அறையில் மணி அடித்தால் கழிவறைக்குப் போய்விடுவேன். வேறு யாராவது எடுத்த பிறகு வருவேன். இப்படியே பதினைந்து நாளும் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கால்கள் அங்கேதான் போயின. மனிதன் மாறித்தான் ஆக வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் எதை மாற்றுவது? என் வாயையா? ஐம்பது வயதில் அது முடியுமா? பேசுகிற ஆளாக நான் மாறிவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வார லீவில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ராயப்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு, ஒரு அறையும் சமையலறையும். மனைவி புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொடுக்கிறாள். நான் பத்து நாளாக விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அன்று சொன்னேன். அவள் கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, என் போனை அரிசி டப்பாமேல் சாய்த்தாள், தன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து கால் வந்தது.

அவளுடைய கல்யாணப் புடவையை விரித்தேன்.

"இன்னா, ஊமைப் படம் ஓடுது? பேசு."

மஞ்சள் என்றேன். பெரிய கரை என்றேன். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்டித்தான் குந்திகினு இருந்த. எங்க நைனா நல்ல புள்ளன்னு ஏமாந்துட்டாரு. இப்ப யாரும் ஏமாற மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, திரையில் தெரிந்தது. மனைவியின் முகத்தைக்கூட நான் இப்படி நேராகப் பார்த்து நாளாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அரை மணி நேரம் அப்படியே விரிப்பதும் மடிப்பதுமாகப் போனது. ஒரு புடவையை எடுக்கும்போது பழக்கத்தில் அதன் அடியில் கையை நுழைத்துத் தூக்கினேன். மெல்லிய பட்டு, விரல் நிழலாகத் தெரியும்.

"அப்டியே வை," என்றாள். "கை தெரியுது பாரு, இப்பதான் அது எம்மா மெலிசுன்னு எனக்குப் புரியுது. நா தொட்ட மாரி கீது. உன் மூஞ்சியும் பேச்சும் யாருக்கு வோணும்?"

பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சிரிப்பு போயிருந்தது. என் இடுப்பில் வலிக்குப் பெல்ட் கட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தபடி, "குடோனுக்குப் போவாத" என்றாள். விரித்திருந்த புடவைகளை மடித்து அடுக்கினேன்.

பதினாலாவது நாள் காலை, கடை திறந்ததும், மணி அடித்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே கல்லாப் பக்கத்தில் சின்ன முதலாளி நின்றிருந்தார். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். எடுத்தேன்.

திரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மா. அடையாறிலிருந்து பேசுவதாகச் சொன்னார். போனை அவர் பிடித்திருக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பிடித்திருந்தார்கள். முகம் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கியபோது, வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்ததைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருடமாவது இருக்கும், வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் மெத்தைக்கு வந்த விரல் அது. மூன்று வருடமாகக் காணோம். அந்தக் கைக்கு உரிய முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அங்கே ஒருத்தர் ஓயாம பேசிண்டே இருப்பாரே, அவர் இல்லையா?" என்றார்.

"ஓசூர் போயிட்டாரும்மா. பொண்ணு வீட்டுக்கு. நான் அவர் பக்கத்துல விரிக்கறவன்."

"அந்தப் பேசாதவரா? உங்களுக்குக் குரல் உண்டா?" என்று சிரித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதாம். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதே தேர் நகர்கிற மாதிரி இருக்கிறதாம், இதில் மூன்று மாடி எங்கே ஏறுவது என்றார். ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை வேண்டும், நன்றாக இருக்க வேண்டும், விலையை யோசிக்காமல் காட்டுங்கள் என்றார்.

காட்டினேன். வீட்டில் செய்த மாதிரி ஒவ்வொன்றின் அடியிலும் கையைக் கொடுத்துத் தூக்கினேன். இது கனம், இது லேசு, இந்தக் கரை கழுத்தில் உரசும் என்று கை காட்டியதை வாய் சொன்னது. அவ்வளவுதான் பேசினேன். அந்த அம்மாவுக்கு மாம்பழ நிறத்தில் பெரிய கரை போட்ட புடவைமேல் மனம் போனது. அதையே மறுபடி மறுபடி கேட்டார். ஆனால் அவர் கை மடியில் இருந்தது. அதுதான் புடவையா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவும் தெரியாமல் ஆற்றில் இறங்கினவன் மாதிரி இருந்தேன்.

செங்கல் நிறத்தில் மயில்கழுத்துக் கரை வைத்த ஒரு புடவையை விரித்தபோது படம் சாய்ந்தது. அந்த அம்மாவின் முகம் பாதி வெளியே போய், சுழலும் மின்விசிறியும் யாரோ ஒருவருடைய தோளும் தெரிந்தன. போன் பிடிப்பவருக்குக் கை வலிக்கிறது என்று நினைத்தேன். அடுத்த புடவைக்குப் படம் நேராகிவிட்டது. அதற்கடுத்ததிலும் நேராகவே இருந்தது.

ஏதோ ஒன்று உள்ளே தட்டியது. நாலு புடவை கழித்து, கேட்காமலே, செங்கல் நிறத்தை மறுபடி எடுத்து விரித்தேன். படம் மெதுவாகச் சாய்ந்தது. மின்விசிறி. தோள்.

யாரோ பார்ப்பதற்காகப் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்புவது அவர்களுக்கே தெரியாது. கரைக்குத் திரும்பி வருகிற விரல்களுக்குத் தெரியுமா என்ன?

என் கை தானாக அந்தப் புடவையை மடித்து இடது பக்கம் வைத்தது.

"அதை ஏன் மடிச்சு வைக்கறேள்? நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் அந்த அம்மா. குரலில் எரிச்சல் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே சின்ன முதலாளி திரும்பிப் பார்த்தார். பேசாமல் இருந்தால் இதுவும் நின்றுபோன படம்தான். தப்பாகச் சொன்னால் கால் போய்விடும், அதோடு நானும் போய்விடுவேன். கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

"அம்மா, போன் பிடிச்சிருக்காங்களே, அவங்களுக்கு இது பிடிச்சிருக்கு."

படம் ஒரு தரம் ஆடியது.

"அய்ய, நா இன்னா சொன்னேன்?" என்றது இன்னொரு குரல். "நா ஒண்ணியும் சொல்லல. கை வலிச்சிது, சாஞ்சிடுச்சி."

அந்த அம்மா பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "கல்யாணம் இவ பொண்ணுக்குத்தான்," என்றார். "மூணு வருஷமா என்னைத் தூக்கி உட்கார வைக்கறவ இவதான். எது பிடிச்சிருக்குன்னு காலம்பறலேர்ந்து கேட்டுண்டிருக்கேன். நீங்க எத எடுத்தாலும் சரிம்மான்னு அதையே சொல்லிண்டிருக்கா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

படம் இப்போது முழுவதுமாகத் திரும்பியது. என் வயதுதான் இருக்கும் ஒரு பெண், நெற்றி வேர்த்து, என்னைப் போலவே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். விலை அதிகமா, கம்மியா என்று அவள் கேட்கவில்லை.

"அண்ணே, அது ரொம்ப கனமா இருக்குமா? எம் பொண்ணு ஒல்லி."

இடது பக்கத்திலிருந்து புடவையை எடுத்தேன். அடியில் என் கையைக் கொடுத்து, விளக்கு படுகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன். பேசினேன். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கு இந்தப் பட்டு எப்படி நிற்கும், கொசுவம் எத்தனை வரும், முகூர்த்தம் முடியும்வரை தோளில் எப்படி இருக்கும் என்று சொன்னேன். அவ்வளவு நீளமாக ஒரு வெளி ஆளிடம் நான் பேசியதே இல்லை. நடுவில் மூச்சு வாங்கியது. அந்தப் பெண்ணின் கை, தொட முடியாது என்று தெரிந்தும், திரைக்கு அருகில் வந்து நின்றது.

அந்தப் புடவை விற்றது. ஆனால் சின்ன முதலாளி அன்றைக்கு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அது என் ஒரு இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் காலை கடைக்குள் நுழையும்போது, "அண்ணே, உங்க ஸ்டாண்டைக் கொஞ்சம் கீழ எறக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். "முகம் வேணாம், கை நல்லாத் தெரிஞ்சா போதும்." உங்க ஸ்டாண்டு என்றார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்த வார்த்தையை மட்டும் சொன்னேன். அவள் என் கைக்குத் தடவப் பவுடர் டப்பாவை எடுத்து வைத்தாள்.

நான் பேசுகிற ஆளாக மாறவில்லை. மாற முடியாது என்று இப்போது தெரிகிறது. கை எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தேடக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அது போதுமா என்றால் தெரியாது. போன வாரம் சின்ன முதலாளி இன்னொன்று சொன்னார். வாடிக்கையாளரின் போட்டோவை அனுப்பினால் கம்ப்யூட்டரே புடவையைக் கட்டிக் காட்டிவிடுமாம், விரிக்கவே வேண்டாமாம். எல்லோரும் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

அறையில் மணி அடித்தால் இன்னமும் எனக்குக் கழிவறை ஞாபகம்தான் வருகிறது. போவதில்லை. எடுத்து வணக்கம் சொல்லிவிட்டு, திரையில் இருக்கும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தின் ஓரத்தைப் பார்க்கிறேன், போன் யார் கையில் இருக்கிறது என்று.